சத்திரபதி சிவாஜி: ஒரு குலம் உயர்ந்த வரலாறு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், நாமும் ஒரு காலத்தில் நாடாண்ட மரபினரே என்பதை நிறுவும் கட்டுரை ஒன்று இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுக் கூட்டத்தில் இளைஞர் சிலர் விரும்பினர். அவர்தம் விருப்பத்தை நாம் குறை கூறோம். பல நூற்றாண்டுகள் தலைகுனிய வைக்கப்பட்ட சமுதாயத்தின் பிள்ளைகள், தலைநிமிர்வதற்குப் பழம்பெருமை ஒன்றைத் தேடுவது இயல்பே. எனினும், நாடாண்ட ஒரு குலம் உண்மையில் எவ்வாறு உயர்ந்தது, உயர்ந்த பின்னரும் அதனிடம் உலகம் எதனைக் கேட்டது என்பதை நம் இளைஞர் முதற்கண் அறிதல் நலம் எனக் கருதுகிறோம். ஆகவே மராட்டிய மாமன்னர் சிவாஜியின் வாழ்க்கையை இங்கு எழுத முற்படுகிறோம்.

சிவாஜி என்றவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருபவர் நடிகர் திலகமே. அறிஞர் அண்ணா 1940களில் எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் என்னும் நாடகத்தில் சிவாஜி வேடம் தாங்கிச் சிறப்புற நடித்தமைக்காக, கணேசன் என்னும் இளைஞர்க்குத் தந்தை பெரியார் அப்பெயரை வழங்கினார். அது அவர்க்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. அந்நாடகத்தின் கரு சிவாஜி நடத்திய போர்கள் அன்று. போர்களில் வென்ற பின்னர் அவர் முடிசூட்டிக்கொள்வதற்கு எழுந்த தடையே ஆகும். அத்தடையே இக்கட்டுரைக்கும் நடுப்பொருளாக அமைகிறது.

குலத்தின் தொடக்கம்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்காணம் அகமதுநகர், பிஜப்பூர், கோல்கொண்டா ஆகிய மூன்று சுல்தானியங்களின் ஆட்சியில் இருந்தது. வடக்கிலிருந்து முகலாயர் படை அவற்றை நெருக்கி வந்தது. அந்நூற்றாண்டில்தான் நம் கொங்கு நாட்டிற்காக மதுரை நாயக்கரும் மைசூர் உடையாரும் ஒருவரோடொருவர் போரிட்டனர். அக்காலத்து அரசர்க்கு நிலையான பெரும்படை வைத்துக் காப்பது அரிது. குதிரைகளையும் வீரர்களையும் திரட்டிக்கொண்டு போர்க்களத்தில் வந்து நிற்பவனுக்குச் சில ஊர்களின் வரி வருவாய் விடப்பட்டது. அதனை ஜாகீர் என்றனர். நம் நாட்டுப் பாளையப்பட்டு முறையும், ஜப்பான் நாட்டில் சாமுராய் என்னும் போர்க்குடியினர் தம் தலைவர்க்குப் பணிபுரிந்து நெல் வருவாய் பெற்ற முறையும் இதனோடு உறவுடையனவே.

இம்முறையில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. வல்லவன் மேலேறலாம் என்பது நன்மை. ஏறியவன் அவ்விடத்தைத் தன் மக்களுக்கே உரிமையாக்கி, ஏணியை மேலே இழுத்துக்கொள்வான் என்பது தீமை. சிவாஜியின் குல வரலாற்றில் இவ்விரண்டையும் நாம் காணலாம்.

போன்சலே குலத்தார் தொடக்கத்தில் எல்லோரா வட்டாரத்து ஊர்களில் பட்டேல் என்னும் பதவி வகித்தோர். நம் பக்கத்தில் மணியக்காரர் என்பதற்கு அது நிகராகும். உழவும் மணியமும் அவர்தம் வாழ்வு. சிவாஜியின் பாட்டனார் மாலோஜி அகமதுநகர் அரசின் குதிரைப் படையில் சேர்ந்து உயர்ந்தார். பூனா, சூபா ஆகிய பகுதிகள் அவர் குலத்துக்கு ஜாகீராகக் கிடைத்தன. மாலோஜியின் மகன் சாஜி, சிந்துகேடு ஊரின் பெருந்தலைவரான லக்குஜி ஜாதவின் மகள் ஜிஜாபாயை மணந்தார். ஜாதவர் தம்மைத் தேவகிரி யாதவ மன்னர் வழியினர் எனக் கூறிக்கொண்டவர். நேற்று உயர்ந்த போன்சலே வீட்டில் பெண் கொடுக்க அவர் முதலில் மறுத்தார் என்று மராட்டிய மரபு கூறுகிறது. படைபலத்தில் ஒருவன் வளர்ந்துவிட்டாலும் அவனுடைய பாட்டன் யார் என்னும் கேள்வி வாசலில் காத்து நிற்கும் என்பதற்கு இது முதற்சான்று.

சாஜிக்குப் போர்ப்பள்ளியாக அமைந்தது மாலிக் ஆம்பர் என்பாரின் தலைமை. மாலிக் ஆம்பர் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பிய நாட்டிற் பிறந்து, இளமையில் அடிமையாக விற்கப்பட்டு, பல கைகள் மாறித் தக்காணம் வந்து சேர்ந்தவர். அவரே பின்னாளில் அகமதுநகர் அரசையே தாங்கும் முதல்வராக உயர்ந்தார். மலைகளில் மறைந்திருந்து பெரும்படையைத் திடீரெனத் தாக்கிக் கலைக்கும் போர்முறையை மராட்டியக் குதிரை வீரரைக் கொண்டு அவர் திறம்பட நடத்தினார். 1624ஆம் ஆண்டு பாட்வாடிப் போரில் சாஜி அவர் பக்கம் நின்றார். சந்தையில் விற்கப்பட்ட ஓர் அடிமை செம்மைப்படுத்திய போர்முறையே பின்னாளில் சிவாஜிக்குப் பெரும்படைக்கலமாயிற்று என்பதை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

சிவாஜி 1630ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஜுன்னர் ஊருக்கு அருகில் உள்ள சிவநேரி மலைக்கோட்டையிற் பிறந்தார். அவ்வாண்டு தொடங்கித் தக்காணத்தில் கொடிய பஞ்சம் பரவியது. தாய்ப்பாட்டனார் லக்குஜி முந்திய ஆண்டிலேயே அரசவைச் சூழ்ச்சியிற் கொல்லப்பட்டிருந்தார். 1636ஆம் ஆண்டில் அகமதுநகர் அரசு முற்றிலும் வீழ்ந்தது. சாஜி பிஜப்பூர்ச் சுல்தானிடம் பணியேற்றுக் கன்னட நாட்டுப் போர்களுக்குச் சென்றார். பெங்களூர் அவர்க்கு ஜாகீராயிற்று. சிவாஜி தாயுடன் பூனாவில் வளர்ந்தார்.

போர்களாற் பாழ்பட்டுக் கிடந்த பூனா வட்டாரத்தைத் தாதாஜி கொண்டதேவ் என்னும் அதிகாரி மீண்டும் உழவுக்குக் கொண்டுவந்தார். அவரிடம் சிவாஜி நிர்வாகம் பயின்றார். தாய் ஜிஜாபாய் நெஞ்சுறுதியைப் பயிற்றினார். மாவள் எனப்படும் மலைப்பள்ளத்தாக்குகளின் ஏழை உழவர் மக்களே அவருடைய விளையாட்டுத் தோழர்களாகவும் பின்னர் முதற்படையாகவும் அமைந்தனர். அம்மக்கள் கரடுமுரடானவர்; செல்வம் இல்லாதவர்; ஆயினும் மலையின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்.

கோட்டைகளும் போர்களும்

1646ஆம் ஆண்டளவில் சிவாஜி தோரணா என்னும் மலைக்கோட்டையைக் கைக்கொண்டார். அப்போது அவர்க்கு வயது பதினாறு. அருகில் இராஜகடக் கோட்டையை எழுப்பினார். 1656ஆம் ஆண்டில் மோரே குலத்தாரிடமிருந்து ஜாவளியைப் பறித்தார். மோரே குலத்தாரும் மராட்டியரே. அச்செயலில் வஞ்சகமும் குருதியும் கலந்திருந்தன என்பதை மறைத்தல் முறையன்று. ஒருவரைப் போற்றும்பொருட்டு அவர்தம் குறைகளைத் துடைத்தெறிதல் வரலாறு ஆகாது.

1659ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், பிஜப்பூர்த் தளபதி அப்சல்கானைப் பிரதாபகடத்தின் அடிவாரத்தில் சந்தித்தபோது அவரைக் கொன்று, அவர் படையையும் முறியடித்தார். அன்று தம் தலைவரின் தலைக்கு மேல் வந்த வாளைத் தடுத்து உயிர் காத்தவன் ஜீவா மகாலா என்னும் காவலன். அடுத்த ஆண்டு சிவாஜி பன்காளாக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டார். அவரைப் போன்ற தோற்றமுடைய சிவா காசித் என்பவன், அவருடைய பல்லக்கில் ஏறிச்சென்று, பகைவரிடம் சிக்கி உயிர் துறந்தான். சிவாஜி வேறு வழியில் தப்பினார். இவ்விருவரும் நாவிதர் குலத்தினர் என்று மராட்டிய மரபு கூறுகிறது. அரசர் முடிசூடிய அவையில் இவர்களைப் போன்றோர்க்கு இருக்கை இல்லை. ஆனால் இவர்களைப் போன்றோர் இல்லையேல் சூடுவதற்கு முடியே இருந்திராது.

1663ஆம் ஆண்டில், பூனாவில் தங்கியிருந்த முகலாய ஆளுநர் சாயிஸ்தாகானின் மாளிகைக்குள் இரவில் நுழைந்து சிவாஜி தாக்கினார். 1664ஆம் ஆண்டில் செல்வம் கொழித்த சூரத்துத் துறைமுகத்தைக் கொள்ளையிட்டார். அதன்பின் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜெய்சிங்கின் வலிமைக்கு முன் நிற்க இயலாமல், 1665ஆம் ஆண்டில் புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளைக் கொடுத்து, 12 கோட்டைகளோடு அமைந்தார்.

1666ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆக்ராவில் பேரரசரின் அவைக்குச் சென்றபோது, தமக்குத் தாழ்ந்த வரிசையில் இடம் தரப்பட்டதைப் பொறாமல் சினந்து வெளியேறினார். காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் தப்பி, மாறுவேடத்தில் நெடுந்தொலைவு கடந்து இராஜகடம் சேர்ந்தார். 1670ஆம் ஆண்டில், கொடுத்த கோட்டைகளை மீட்கத் தொடங்கினார். சிங்ககடத்தை மீட்ட போரில் அவருடைய நண்பர் தானாஜி மாலுசரே உயிர் நீத்தார். இழந்ததை எண்ணிக் குமையாமல், எஞ்சியதைக் கொண்டு மீண்டும் தொடங்கிய மனவலிமையே சிவாஜியின் வெற்றிக்கு அடிப்படை.

அவர் ஆண்ட முறை

சிவாஜி, தம் குலம் எந்த ஏணியில் ஏறி வந்ததோ அந்த ஏணியின் தீமையை நன்கு உணர்ந்திருந்தார். ஆகையால் படைத்தலைவர்களுக்கு நிலங்களைப் பரம்பரையாக விடுவதைத் தவிர்த்துக் கருவூலத்திலிருந்து சம்பளம் கொடுக்க முற்பட்டார். ஒவ்வொரு கோட்டையிலும் காவற்படைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், பண்டசாலைக்கு ஒருவர் என வெவ்வேறு சாதியைச் சேர்ந்த அதிகாரிகள் மூவரை அமர்த்தினார். ஒருவர் பகைவரிடம் விலைபோனாலும் கோட்டை போகாது என்பது அதன் கருத்து. கடற்படையில் மீனவக் குலத்தாரும் முஸ்லிம் தலைவர்களும் பணியாற்றினர். மதத்தால் வேறுபட்டோரை அவர் பணியிலிருந்து விலக்கவில்லை.

மகர், மாங், ராமோஷி முதலிய ஒதுக்கப்பட்ட மக்கள் மலைக்கோட்டைகளின் அடிவாரத்திலும் சுற்றியுள்ள காடுகளிலும் காவல் புரிந்தனர். பகைவரின் நடமாட்டத்தை முதலில் அறிந்து உரைத்தோர் அவர்களே. மராட்டிய அரசின் வரலாற்றில் நம்மையொத்த மக்களின் பங்கு இது. ஆயினும் உண்மையை முழுமையாகக் கூறுதல் வேண்டும். சிவாஜி தீண்டாமையை ஒழிக்கவில்லை. காவல் காத்தவர்க்குக் கோட்டையின் அடிவாரம் கிடைத்தது. கோட்டையின் தலைமை கிடைக்கவில்லை. பின்னர் அமைந்த எண்மர் அமைச்சர் குழுவில் படைத்தலைவர் ஒருவரைத் தவிர ஏனைய எழுவரும் பிராமணராகவே இருந்தனர். தம் காலத்து மன்னர் பலரினும் அவர் பரந்த நோக்கினர் என்பதும் உண்மை. காலத்தின் வேலியை அவர் முற்றிலும் தாண்டவில்லை என்பதும் உண்மை.

முடிசூட்டு விழாவின் தடை

1674ஆம் ஆண்டில் சிவாஜிக்கு வயது நாற்பத்து நான்கு. கோட்டைகள் பல, கருவூலம், குதிரைப்படை, கடற்படை ஆகிய யாவும் அவரிடம் இருந்தன. இல்லாதது ஒன்றே: அரசர் என்னும் பட்டம். பட்டமில்லாத தலைவரைச் சுல்தான்கள் கலகக்காரர் என்றனர். பழங்குடி மராட்டியத் தலைவர்களோ தமக்கு நிகரானவர் என்றே கருதினர். ஆகவே சாத்திர முறைப்படி முடிசூட்டிக்கொள்ள அவர் விரும்பினார். அப்போது உள்ளூர்ப் பிராமணர் பலர் தடை எழுப்பினர். சத்திரியன் மட்டுமே அரசனாக முடிசூடலாம். போன்சலே குலத்தார்க்குப் பூணூல் மரபு இல்லை. ஆகவே அவர் சூத்திரர் என்பது அவர்தம் வாதம்.

காசியிலிருந்து காகபட்டர் என்னும் பெரும்புலவர் அழைக்கப்பட்டார். போன்சலே குலத்தார் இராஜஸ்தானத்து உதயப்பூர் சிசோதிய மன்னர்களின் வழிவந்தோர் எனக் காட்டும் குலமுறை ஒன்று முன்வைக்கப்பட்டது. அதனைக் காகபட்டர் ஏற்றார். இத்தனை காலம் சத்திரியர்க்குரிய சடங்குகளைச் செய்யாதிருந்த குற்றத்துக்காக சிவாஜி கழுவாய் செய்தார். நாற்பத்து நான்காம் வயதில் அவர்க்குப் பூணூல் அணிவிக்கப்பட்டது. தம் மனைவியரை மந்திர முறையில் மீண்டும் மணந்தார். பெரும்பொருள் தானமாக வழங்கப்பட்டது. அதன் பின்னரே 1674ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இராயகடத்தில் அவர் சத்திரபதியாக முடிசூடினார். மகனின் முடிசூட்டைக் கண்ணாரக் கண்ட ஜிஜாபாய் பதினோரு நாட்களில் காலமானார்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். தோரணாவைப் பிடித்தபோது சிவாஜியிடம் குலமுறை ஏடு இல்லை. ஆக்ராவிலிருந்து தப்பியபோதும் இல்லை. செயற்கரிய செயல்களைச் செய்து முடித்த பின்னரே அவ்வேடு தேவைப்பட்டது; அதுவும் அவர்க்காக அன்று, அவருடைய உயர்வை ஏற்க மனமில்லாதோர்க்காக. பெருமை செயலால் வந்தது. ஏடு பின்னால் வந்தது.

இது மராட்டியத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. சிவாஜிக்கு அரை நூற்றாண்டு முன்னர் ஜப்பான் நாட்டை ஒருகுடைக்கீழ்க் கொண்டுவந்த ஹிதெயோஷி எளிய குடியிற் பிறந்த போர்வீரர். ஷோகன் என்னும் உயர்ந்த படைத்தலைமைப் பட்டம் அவர்க்கு வாய்க்கவில்லை. அரசப் பிரதிநிதிப் பதவி பெறுவதற்காக 1585ஆம் ஆண்டில் பிரபுக் குடும்பம் ஒன்றுக்குச் சுவீகார மகனானார். அவரே 1588ஆம் ஆண்டில் உழவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். தாம் ஏறிவந்த வழியில் இன்னொருவர் ஏறாதபடி கதவைச் சாத்தினார். 1603ஆம் ஆண்டில் ஷோகன் ஆன தோக்குகவா இயெயாசுவும் பழைய மினமோட்டோ குலத்து வழியினர் என்றே தம்மைக் காட்டிக்கொண்டார். அக்குலத்தின் ஆட்சி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அக்காலம் முழுவதும் அங்கே தோல் தொழில் செய்தோர் நம்மைப் போலவே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தனர். 1871ஆம் ஆண்டில் அவ்விழிவு சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் மனங்களிலிருந்து நீங்கவில்லை. 1922ஆம் ஆண்டில் அம்மக்கள் கியோட்டோ நகரில் தமக்கெனச் சமத்துவச் சங்கம் ஒன்று கண்டனர்.

தமிழகத்தில் போன்சலே குலம்

சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையைக் கைப்பற்றி மராட்டியர் ஆட்சியைத் தொடங்கினார். 1677ஆம் ஆண்டில் சிவாஜி தாமே பெரும்படையுடன் தெற்கே வந்தார். செஞ்சிக் கோட்டை அவர் வசமாயிற்று. வேலூர்க் கோட்டை நீண்ட முற்றுகைக்குப் பின் 1678ஆம் ஆண்டில் பணிந்தது. கொள்ளிடக் கரையில் தம்பியைச் சந்தித்துத் தந்தையின் சொத்திற் பங்கு கேட்டார். சந்திப்பு இணக்கமாக முடியவில்லை. ஏகோஜி இரவோடு இரவாகத் தஞ்சை திரும்பினார். மாபெரும் வீரர் குடும்பத்திலும் பாகப்பிரிவினை வழக்கு இருந்தது என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

1680ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இராயகடத்தில் சிவாஜி காலமானார். அவர்க்குப் பின் முடியேற்ற மூத்த மகன் சம்பாஜியை 1689ஆம் ஆண்டில் முகலாயர் பிடித்துக் கொன்றனர். இளைய மகன் இராஜாராம் தமிழகத்துக்குத் தப்பி வந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. 1698ஆம் ஆண்டில்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராஜாராம் மராட்டியம் சென்று சேர்ந்தார். சிவாஜி தெற்கே கொண்ட செஞ்சியே அவர் கண்ட அரசுக்கு ஆபத்துக் காலத்தில் அடைக்கலமாயிற்று. 2025ஆம் ஆண்டில் மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, அவற்றுள் நம் செஞ்சியும் இடம்பெற்றது. தஞ்சைக் கிளை 1855ஆம் ஆண்டோடு முடிவுற்றது. சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய இரண்டாம் சரபோஜியின் புகழ் இன்றும் நிற்கிறது.

கதவு சாத்தப்பட்ட காலம்

சம்பாஜியின் மகன் சாகு சாத்தாராவில் ஆண்ட காலத்தில், 1713ஆம் ஆண்டு முதல் பேஷ்வா எனப்பட்ட முதலமைச்சர்களின் கை ஓங்கியது. போன்சலே அரசர் பெயரளவில் இருக்க, பூனாவில் பேஷ்வாக்கள் ஆண்டனர். அவர்தம் ஆட்சியில் தீண்டாமை மிகக் கொடியதாயிற்று. தீண்டத்தகாதோர் தம் காலடியைத் தாமே பெருக்கிச் செல்ல இடுப்பில் துடைப்பமும், உமிழ்நீர் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும் கட்டிச் செல்ல வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியுள்ளார். கோட்டைகளின் அடிவாரம் காத்த மக்களுக்கு அவ்வரசு இறுதியில் அளித்த பரிசு அது.

1818ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் என்னும் ஊரில் பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்ற ஆங்கிலேயரின் சிறு படையில் மகர் வீரர் பலர் இருந்தனர். உயிர் நீத்தோரின் பெயர்கள் அங்குள்ள வெற்றித் தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டே பேஷ்வா ஆட்சி முடிந்தது. 1927ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அண்ணல் அவ்விடம் சென்று வீரவணக்கம் செலுத்தினார். ஆனால் அந்த ஆங்கிலேயரும் 1890களில் மகர் மக்களைப் படையிற் சேர்ப்பதை நிறுத்தினர். வாளால் வந்த இடத்தை, வாளைக் கொடுத்தவனே திரும்ப எடுத்துக்கொண்டான். எடுக்க முடியாத ஒன்று மட்டும் எஞ்சியது. படையில் இருந்தபோது அவர்கள் கற்ற கல்வியே அது. அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் படைப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

கதவைத் திறந்த வழித்தோன்றல்

சிவாஜி குலத்தின் மற்றொரு கிளை, இராஜாராமின் மனைவி தாராபாயின் முயற்சியால் கோலாப்பூரில் நிலைபெற்றது. அவ்வரியணைக்குச் சுவீகாரமாக வந்து 1894ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பேற்றவர், அதே சாகு என்னும் பெயருடைய மகாராஜா. 1899ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அவர் பஞ்சகங்கை ஆற்றில் நீராடச் சென்றபோது, புரோகிதர் வேத மந்திரம் ஓதாமல் புராண மந்திரம் ஓதினார். சூத்திரர்க்கு வேத மந்திரம் உரியதன்று என்பது விளக்கம். காகபட்டர் ஏற்ற குலமுறை, 225 ஆண்டுகள் சென்ற பின்னும் ஓர் ஆற்றங்கரையில் செல்லாக் காசாயிற்று.

சாகு மகாராஜா என் செய்தார்? வேத மந்திர உரிமைக்காக அவர் வாதிட்டதும், மறுத்த அரச புரோகிதரின் மானியங்களைப் பறித்ததும் உண்மையே. ஆனால் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. தமக்கு நேர்ந்த ஒரு சிறு இழிவிலிருந்து, நாள்தோறும் பேரிழிவு சுமப்போரின் நிலையை உணர்ந்தார். 1902ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், அரசுப் பணிகளில் இனிக் காலியாகும் இடங்களுள் 50 விழுக்காட்டைப் பிற்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கி ஆணையிட்டார். பல்வேறு வகுப்பு மாணவர்க்கும் விடுதிகள் ஏற்பட உதவினார். 1908ஆம் ஆண்டில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் ஒரு விடுதி எழுந்தது. 1917ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கினார். 1919ஆம் ஆண்டில் தீண்டத்தகாதோர்க்கெனத் தனியே இருந்த பள்ளிகளை மூடி, அப்பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகளிற் சேர்க்கச் செய்தார். கங்காராம் காம்ப்ளே என்னும் மகர் குலத்தவர் தொடங்கிய தேநீர்க் கடையில், தம் வண்டியை நிறுத்தி, ஊரறியத் தேநீர் அருந்தினார்.

அண்ணல் 1920ஆம் ஆண்டில் மூக்நாயக் இதழைத் தொடங்கியபோது சாகு மகாராஜா பொருளுதவி செய்தார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் மாண்காவ் மாநாட்டுக்குத் தாமே வந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் தமக்குரிய தலைவரைக் கண்டுகொண்டனர் என்று மகிழ்ந்தார். 1922ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அவர் மறைந்தார். போன்சலே குலத்தின் ஏற்றம் தோரணாவில் தொடங்கி இராயகடத்தில் முடிந்தது என வரலாற்று நூல்கள் கூறலாம். அக்குலம் உச்சியை அடைந்தது கோலாப்பூர் மாணவர் விடுதியின் வாசலிலேதான் என்பது நம் துணிபு.

நம் குலமுறை

இனி நம் நிலைக்கு வருவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் தொடங்கியபோது, பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளை மாலையில் அழைத்து வந்து விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தோம். இன்று நம்மவருள் ஆசிரியர் உளர், செவிலியர் உளர், வங்கிப் பணியாளர் உளர், சொந்தமாகப் பவர் டேபிள் நடத்தி இருபது பேர்க்கு வேலை கொடுப்போரும் உளர். இஃது ஓர் ஏற்றமே. ஏற்றம் வந்த இடத்தில் இரண்டு ஆசைகளும் வருகின்றன. ஒன்று, பழைய மன்னர் ஒருவரின் பெயரைத் தேடி நமக்குப் பாட்டனாக்கும் ஆசை. மற்றொன்று, வந்த வழியை மறைத்து, பின்னால் வருவோர்க்குக் கதவைச் சாத்தும் ஆசை. முன்னது பொருளற்றது. சிவாஜிக்கே முழுப் பயன் தராத ஏடு நமக்கு என்ன தரும்? பின்னதோ தீங்கானது. நம்மினும் கீழே வைக்கப்பட்ட குடியினரின் பிள்ளைகளை நம் மாலை வகுப்பில் சேர்க்கலாமா என்னும் கேள்வி சென்ற ஆண்டு நம் பொதுக்குழுவிலேயே எழுந்தது என்பதை வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு பத்தி உண்டு. நம் தெருப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளாக நாம் அப்பத்தியை நிரப்பி வந்துள்ளோம். முதற்பக்கங்களில் துப்புரவு, தோல் வேலை, பண்ணைக் கூலி என்றிருக்கும். இடையில் பனியன் கம்பெனித் தொழிலாளி என வரும். அண்மைப் பக்கங்களில் எழுத்தர், ஆசிரியர் என்று சில இடங்களில் எழுதியுள்ளோம். நம் குலமுறை ஏடு அதுவே. அதனைக் காசியிலிருந்து எவரும் வந்து ஏற்கவேண்டியதில்லை. அதன் அடுத்த பக்கங்களில், எந்தக் குடிசையின் பிள்ளையாயினும், கேட்டு வந்த பிள்ளையின் பெயர் விடுபடாமல் எழுதப்படுவதற்கு நம் சங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இவ்வெள்ளி விழாவில் நம் வேண்டுகோள்.